'பார்த்துக்கலாம்' என்று சொல்வதற்கு முன்: வீடியோ நிறுவனம் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு வீடியோ தயாரிப்பு நிறுவனம் நடத்துகிற எல்லோருக்கும்,

வணக்கம்.

உங்களில் ஒருவரிடம்தான் எனக்கு முதல் வேலை. பதினான்கு மாதம் இருந்தேன். அவர் பெயரையோ நிறுவனத்தின் பெயரையோ இங்கே எழுதப்போவதில்லை. அவரைக் கூண்டில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்குத் துளியும் கிடையாது. அங்கிருந்து விலகிய பிறகு வேறு மூன்று இடங்களில் வேலை பார்த்துவிட்டேன். என்னைப் போல முதல் வேலையாக இந்தத் தொழிலுக்கு வந்த பலரிடம் பேசியும் இருக்கிறேன். ஆள் வேறு, கேமரா வேறு. அவர்கள் சொன்ன கதை என் கதையாகவே இருந்தது. அதனால்தான் அவர் ஒருவருக்கு எழுதியிருக்க வேண்டியதை உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களிடம் வேலைக்குச் சேரும் புதியவர் கேமராவையும் எடிட்டிங்கையும் கற்றுக்கொள்வார் என்று நினைத்துச் சேர்க்கிறீர்கள். அவர் முதலில் கற்றுக்கொள்வது உங்கள் வாய்ச்சொல்லை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை. நம்ப முடியாது என்று தெரிந்த நாளிலிருந்து, அந்த ஓட்டையை அடைக்கப் பொய் சொல்லப் பழகுகிறார். அந்தப் பதினான்கு மாதத்தில் நான் எல்லாவற்றையும் விட நன்றாகப் பழகியது அதைத்தான். அதிலிருந்து மீள எனக்கு வெகுநாள் பிடித்தது.

ஒரு நேர்காணலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டி. பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து, அவருடைய வாழ்க்கையை அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பதிவு செய்துகொள்ள ஆசைப்பட்டார்கள். விளம்பரத்துக்கு இல்லை, எங்கும் வெளியிடவும் இல்லை; வீட்டில் வைத்துக்கொள்ள மட்டும். எங்கள் சார் (அப்படித்தான் அவரைக் கூப்பிடுவோம்) இரண்டரை மணி நேரப் பதிவுக்கு ஒப்புக்கொண்டார்.

எங்கள் கேமராவில் மெமரி கார்டு போட இரண்டு இடம் உண்டு. இரண்டிலும் கார்டு போட்டு, ஒரே சமயத்தில் இரண்டிலும் பதிவாகும்படி வைக்கலாம். ஒன்று கெட்டாலும் இன்னொன்று கைகொடுக்கும். ஆனால் எங்களிடம் இருந்தது ஒரே ஒரு 64 ஜிபி கார்டு. நாங்கள் எடுக்கும் தரத்தில் நொடிக்கு 100 மெகாபிட் எழுதும். எட்டால் வகுத்தால் நொடிக்கு 12.5 மெகாபைட், அதாவது மணிக்கு 45 ஜிபி. அந்தக் கார்டு ஒன்றரை மணி நேரத்துக்கே போதாது. முந்தின நாள் மாலை இந்தக் கணக்கை ஒரு தாளில் போட்டு அவரிடம் காட்டினேன். "பார்த்துக்கலாம். வரும்போது ரெண்டு கார்டு வாங்கிட்டு வந்துடறேன். ஹார்ட் டிஸ்க்கும் நானே கொண்டுவரேன்" என்றார்.

ஒன்பது மணிக்கு ஷூட். அவர் வந்தது பதினொன்றே காலுக்கு. அதுவரை பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே இருந்தார். எழுந்தால் புடவை கசங்கிவிடும் என்று பயந்தார். ஒன்பது மணி ஜன்னல் வெளிச்சத்தை வைத்து நான் போட்டிருந்த விளக்கு அமைப்பு பதினொன்றே காலுக்குச் சரிப்படவில்லை. எல்லாவற்றையும் கலைத்து மறுபடி போட்டேன். கார்டு வரவில்லை. ஹார்ட் டிஸ்க்கும் வரவில்லை. லேப்டாப் மட்டும் வந்தது.

ஒரு மணி இருபது நிமிடம் எடுத்ததும் கார்டு நிறைந்தது. பாட்டி இடையிடையே தண்ணீர் குடிக்க நிறுத்தியதால் ஏழு துண்டுகளாகப் பதிவாகியிருந்தது. சார் கார்டை லேப்டாப்பில் போட்டார். அதில் இடம் போதவில்லை. எதையோ அழித்தார், மறுபடி காப்பி போட்டார், நடுவில் போன் வந்தது, பேசிக்கொண்டே வெளியே போனார். திரும்பி வந்து கார்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். "எல்லாம் ஏறிடுச்சு. ஃபார்மட் பண்ணிட்டு ஆரம்பி."

"ஒருதடவை திறந்து பார்த்துடலாமா சார்?" என்று கேட்டேன்.

"அதான் சொல்றேன்ல."

ஃபார்மட் செய்தேன். பொத்தானை அழுத்தியது என் விரல்தான். அதை நான் எங்கும் மறைக்கவில்லை.

அன்றிரவு எடிட் மேசையில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, ஏழில் ஐந்துதான் ஏறியிருந்தன. முப்பத்தெட்டு நிமிடத்தைக் காணவில்லை. ஃபார்மட் செய்ததும் கார்டில் இருப்பது மொத்தமாக அழிந்துவிடாது. பெரும்பாலும் கோப்புகளின் பட்டியல்தான் போகும். பதிவு உள்ளேயே கிடக்கும். அதன்மேல் வேறு எதையும் எழுதாமல் எடுத்து வைத்துவிட்டால், மீட்பு மென்பொருளால் திரும்ப எடுக்க வழியுண்டு. நாங்கள் மதியம் அதே கார்டில் இன்னும் எழுபது நிமிடம் எடுத்திருந்தோம். 52 ஜிபிக்கு மேல் எழுதியாகிவிட்டது. விடியும் வரை முயன்றதில் கிடைத்த ஒன்றிரண்டு துண்டுகளும் ஓடவில்லை.

அந்த முப்பத்தெட்டு நிமிடத்தில் பாட்டி தன் தங்கையைப் பற்றிச் சொல்லியிருந்தார். சின்ன வயதிலேயே இறந்துபோன தங்கை. அவள் எப்போதும் முணுமுணுக்கும் ஒரு பாட்டை, சொல்லிக்கொண்டே வந்தவர், தன்னை மறந்து இரண்டு வரி முணுமுணுத்தார். ஹெட்போனில் அதைக் கேட்டது நான் ஒருவர்தான். பேரப்பிள்ளைகள் அந்த நேரம் அடுத்த அறையில் இருந்தார்கள்.

மறுநாள் சார் அந்தக் குடும்பத்துக்குப் போன் போட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். "புதுசா சேர்ந்த பிள்ளை, தெரியாம கார்டை ஃபார்மட் பண்ணிடுச்சு" என்றார். நான் வாய் திறக்கவில்லை. மூன்றாவது மாதச் சம்பளம் அப்போது பாக்கி இருந்தது.

ஒரு வாரம் கழித்து மறுபடி போனோம். "அன்னைக்கே சொன்னேனே" என்றார் பாட்டி. கோபமாகச் சொல்லவில்லை, குழப்பத்தோடு சொன்னார். தங்கையின் கதையை ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டார். பாட்டு வரவில்லை. நானே தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அது அன்னைக்குத் தானா வந்துச்சு. கேட்டா வரலையே" என்றார்.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. நம் தொழிலில் பெரும்பாலானவற்றை மறுபடி எடுத்துவிடலாம். பொருளை மறுபடி மேசையில் வைத்து எடுக்கலாம், நடிப்பவரை இன்னொரு டேக் கேட்கலாம். அந்தப் பழக்கத்திலேயே "பார்த்துக்கலாம்" என்ற சொல்லும் நம் வாயில் ஊறிப்போய்விட்டது. ஆனால் மனிதர்களின் முகத்துக்கு முன்னால் கேமரா வைக்கும் வேலைகளில் பாதிக்கு இரண்டாவது டேக் கிடையாது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று 3-2-1 விதி ஒன்று உலகம் முழுக்கச் சொல்லப்படுகிறது. அது உங்களுக்கும் தெரியும். அன்று அதில் ஒரு பிரதிக்குக்கூட எங்களிடம் வழி இருக்கவில்லை. இப்போது நான் கார்டு நிறைந்ததும் அதன் ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டைத் தள்ளி, தனிப் பெட்டியில் தலைகீழாக வைத்துவிடுகிறேன். இரண்டு பிரதி எடுத்து, இரண்டையும் திறந்து, கடைசித் துண்டின் கடைசி நொடி வரை ஓட்டிப் பார்க்காமல் யார் சொன்னாலும் ஃபார்மட் செய்வதில்லை. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நாளில் பத்து நிமிடம் போதும். நான் கற்றுக்கொண்ட விதத்துக்கு ஒரு பாட்டியின் தங்கை விலையாகிப் போனாள்.

அடுத்தது, பொய்.

வெள்ளிக்கிழமை தந்துவிடுவதாக அவர் கிளையன்ட்டிடம் சொல்லியிருப்பார். நான் புதன்கிழமையே முதல் எடிட்டை முடித்து அனுப்பியிருப்பேன். அவர் பார்த்து ஓகே சொன்னால்தான் மேலே கலரும் ஒலியும் செய்ய முடியும். வியாழன் முழுக்கப் பதில் வராது. வெள்ளி காலை அவர் போன் அணைந்திருக்கும். பதினொரு மணிக்குக் கிளையன்ட் என்னைக் கூப்பிடுவார். என்ன சொல்லட்டும் என்று சாருக்கு ஒரு செய்தி அனுப்புவேன். பதில் மட்டும் எப்படியோ வந்துவிடும்: "ரெண்டர்ல இருக்குன்னு சொல்லு."

ஐந்து நிமிட வீடியோ எங்கள் கணினியில் ரெண்டர் ஆக, அதாவது வெட்டி முடித்தது ஒரே கோப்பாக உருவாக, இருபது நிமிடம்கூட ஆகாது. அது கிளையன்ட்டுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையை வைத்து நான் நாட்களை வாங்கினேன். ரெண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, பாதியில் நின்றுவிட்டது, ஏற்றுமதியில் பிழை, கோப்பு பெரிது என்பதால் ஏற நேரமாகிறது என்று வரிசையாகச் சொல்லக் கற்றுக்கொண்டேன். எந்தப் பொய்யை எந்தக் கிளையன்ட்டிடம் சொன்னேன் என்று குறித்துவைக்க என் நோட்டில் ஒரு பக்கமே இருந்தது. இருபத்திரண்டு வயதில், வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதத்தில்.

அதில் ஒருவரை மறக்க முடியவில்லை. முப்பது ஆண்டுக்கு மேல் உடன் உழைத்த ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்று, சக ஊழியர்களிடம் வாழ்த்து வாங்கி எட்டு நிமிட வீடியோ கேட்டிருந்தார். விழா மாலை ஐந்து மணிக்கு. இரண்டு மணிக்கு என்னைக் கூப்பிட்டு, "உண்மையைச் சொல்லுங்க. வருமா, வராதா? வராதுன்னா இப்பவே சொல்லிடுங்க, எல்லாரையும் மேடையில ஏறி நேரிலேயே பேச வச்சிடறேன். கோவிச்சுக்க மாட்டேன்" என்றார். நேர்மையான கேள்வி. அதற்கு ஒரு நேர்மையான பதில் கிடைத்திருந்தால் அவர் விழா காப்பாற்றப்பட்டிருக்கும். "வந்துடும்" என்றேன், சார் அப்படித்தான் சொல்லச் சொன்னார் என்பதற்காக. வரவில்லை. ஐந்தரைக்கு அவரிடமிருந்து இன்னொரு அழைப்பு வந்தது. நான் எடுக்கவில்லை. அழைப்பை எடுக்காமல் இருக்கும் அந்தப் பழக்கமும் எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது என்று அன்று உணர்ந்தேன்.

தாமதம் எல்லோருக்கும் வரும். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் "வெள்ளிக்கிழமை முடியாது, திங்கள் நாலு மணிக்குத் தருகிறேன்" என்று சொல்லும் அதிகாரம் உங்களுக்கு மட்டுமே இருக்கிறது. புதியவருக்கு அந்த அதிகாரம் இல்லை. அதிகாரம் இல்லாத ஒருவரைப் பதில் சொல்ல நிறுத்தினால் பொய்யைத் தவிர அவர் கையில் என்ன இருக்கும்? அந்த ஒரு தொலைபேசி அழைப்பை நீங்களே செய்யுங்கள். இந்த மடலில் நான் கேட்பவற்றில் இதைத்தான் முதலாவதாக வைப்பேன்.

வாய்மொழி உத்தரவுகளைப் பற்றிக் கொஞ்சம். ஒரு ஷூட்டில் "நொடிக்கு 25 ஃபிரேமில் எடு" என்று எனக்குச் சொல்லிவிட்டு, இரண்டாவது கேமராவை அவரே 30இல் வைத்து எடுத்தார். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் விளக்குகளுக்கு அடியில் 25 ஃபிரேம், நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஷட்டர் என்றால் படத்தில் விளக்கு துடிக்காது. அவர் கேமராவில் ஷட்டரும் அறுபதில் ஒரு பங்காக மாறியிருந்தது. படம் முழுக்க விளக்கு துடித்தது; எடிட்டில் 25 ஃபிரேம் டைம்லைனில் போட்டதும் அசைவும் விட்டுவிட்டு வந்தது. ஏன் ஷூட்டிலேயே கவனிக்கவில்லை என்று என்னிடம்தான் கேட்டார். முந்தின இரவு கால் ஷீட்டில், அதாவது மறுநாள் ஷூட் விவரங்களை எழுதி எல்லோருக்கும் அனுப்பும் தாளில், ஒரே வரி, "எல்லாக் கேமராவும் 25, ஷட்டர் 50, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ்" என்று எழுதியிருந்தால் போதும். எழுதியது தப்பாக இருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லோரும் ஒரே தப்பைச் செய்திருப்போம், ஒரே விதமாகத் திருத்தியிருப்போம். கரெக்ஷன் விஷயமும் இதேதான். எத்தனை முறை மாற்றித் தருவோம் என்று கோட்டேஷனில் எழுதாமல் விட்டதால், ஒரு இரண்டு நிமிட வீடியோவுக்குப் பதினேழு பிரதிகள் ஏற்றியிருக்கிறேன்.

இவ்வளவு சொன்ன பிறகு, அவரிடம் இருந்த நல்லதைச் சொல்லாமல் விட்டால் நான் அநியாயம் செய்தவராவேன். அவருக்கு இருந்த கண் இன்றுவரை நான் வேறு யாரிடமும் பார்க்கவில்லை. அறைக்குள் நுழைந்ததும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "விளக்கே வேண்டாம், அவரை அந்தப் பக்கம் திருப்பி உட்கார வை" என்பார். படம் அப்படியே எழுந்து நிற்கும். நேர்காணல் முடிந்ததும் எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லி முப்பது நொடி வெறும் அறையின் ஒலியைப் பதிவு செய்ய வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது அவர்தான். எடிட்டில் இரண்டு வாக்கியத்துக்கு நடுவே வெட்டும்போது அந்த வெறும் ஒலி எவ்வளவு பெரிய காப்பு என்று இன்று நானே மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அவர் கத்தியதில்லை, யாரையும் கேவலமாகப் பேசியதில்லை. அவருக்குக் கிளையன்ட்டுகள் பாக்கி வைத்திருந்தார்கள். ஒரு வேலையை விட்டால் அடுத்தது வருமோ வராதோ என்ற பயத்தில், ஒன்று செய்யக்கூடிய நேரத்தில் மூன்றை ஒப்புக்கொண்டார். மூன்று பேரிடமும் சரி என்று சொன்ன மனிதர், மூன்று பேரின் அழைப்புக்கும் பயந்து போனை அணைத்து வைத்தார். இது எனக்கு இப்போது புரிகிறது. புரிந்ததால் அவர் மேல் இருந்த கோபம் குறைந்திருக்கிறது. எனக்கு நேர்ந்தது குறையவில்லை.

சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூச்சமாக இருக்கிறது. பேசாமலும் முடியாது. முதல் மாதம் முழுதாக வந்தது. இரண்டாவது மாதம் பாதி. அப்புறம் "பேமென்ட் வந்ததும்" என்ற சொல்லே சம்பளத் தேதியாகிவிட்டது. கிளையன்ட் கொடுத்தால்தான் எனக்குக் கிடைக்கும் என்றால், தொழிலில் இருக்கும் ஆபத்தில் நானும் கூட்டாளி என்று ஆகிறது. லாபம் வந்த மாதங்களில் நான் கூட்டாளியாக இருந்ததில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1949ஆம் ஆண்டிலேயே கூலிப் பாதுகாப்புக்கென்று 95ஆம் எண் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. கூலியை ஒழுங்காக, குறித்த காலத்தில் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. வேலை செய்தவருக்கு உரியது, முதலாளிக்கு வர வேண்டியது வந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து நிற்கக் கூடாது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். கொடுக்க முடியாத மாதம் வந்தால், பத்து நாள் முன்னதாகச் சொல்லுங்கள். கடன் கேட்பதா, வேறு வேலை தேடுவதா என்று முடிவெடுக்கும் உரிமையாவது அவருக்கு மிஞ்சட்டும். கடைசி நாள் மாலை வரை காத்திருக்கவைத்துப் போனை அணைத்துவிடாதீர்கள்.

இனி எழுதப்போவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்.

பாதி கட்டிய ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஒருநாள் ஷூட். கைப்பிடிச் சுவர் கிடையாது. "பர்மிஷன் வாங்கியாச்சு" என்று சார் சொல்லியிருந்தார். விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளி டிரைபாட் வைத்து, வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டே பின்னால் நகர்ந்தேன். காவலர் ஓடிவந்து கத்தினார். யாரும் அனுமதி கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. திட்டு வாங்கிக்கொண்டு இறங்கினோம், வேறு இடத்தில் எடுத்தோம், அன்று மாலையே மறந்தும்விட்டோம்.

சில மாதம் கழித்து சாரா ஜோன்ஸ் பற்றிப் படித்தேன். 2014 பிப்ரவரி 20, அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம். ஓர் ஆற்றுக்கு மேலே ரயில் பாலத்தில் படப்பிடிப்பு. அந்தப் பாதையில் படம் எடுக்க ரயில் நிறுவனம் அனுமதி மறுத்திருந்தது. ஆனாலும் குழுவைப் பாலத்தின்மேல் ஏற்றினார்கள். சரக்கு ரயில் வந்தது. கேமரா உதவியாளரான சாரா இறந்தார். அவருக்கு வயது 27. பலர் காயமடைந்தார்கள். மறு ஆண்டு அந்தப் படத்தின் இயக்குநர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். படித்து முடித்ததும் அந்த மொட்டை மாடியின் விளிம்பு என் காலுக்குப் பின்னால் வந்து நின்றது. குழுவில் கடைசி ஆளாக இருப்பவர் அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லிக் கேட்க மாட்டார். கேட்கும் தைரியம் அவருக்கு வராது. பெரியவர் சொல்லிவிட்டார், வாங்கியிருப்பார் என்று நம்புவார். உங்கள் சொல்லின்மேல் அவர் உடம்பையே வைத்து நிற்கிறார்.

இரவு ஷூட் முடிந்து வண்டி ஓட்டிக்கொண்டு வீடு திரும்புவதும் இதே கணக்கில்தான் சேரும். 1997இல் அமெரிக்காவில் 19 மணி நேரம் வேலை பார்த்த ஒரு கேமரா உதவியாளர், காரோட்டி வீடு திரும்பும் வழியில் தூங்கிப்போய் விபத்தில் இறந்தார். அதன் பிறகு ஒளிப்பதிவாளர் ஹாஸ்கெல் வெக்ஸ்லர், 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, அடுத்த வேலைக்கு முன் 12 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். எட்டு மணி நேர வேலை நாள் என்ற உடன்படிக்கை 1919இலேயே வந்துவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். எங்கள் அலுவலகத்தில் பன்னிரண்டு மணி நேரத்தை நாங்கள் சீக்கிரம் முடிந்த நாள் என்று சொல்வோம். அந்த நேரத்தில் பாதி, வேலையில் போனதில்லை. சாருக்காகக் காத்திருந்ததில் போனது. ஒன்பது மணிக்கு வர வேண்டியவர் பதினொன்றே காலுக்கு வந்தால், அந்த இரண்டே கால் மணி நேரத்தை ஐந்து பேர் இரவில் தங்கள் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள்.

விலகலாம் என்று முடிவெடுத்தபோது எனக்கு இன்னொன்று தெரியவந்தது. அடுத்த இடத்தில் வேலை கேட்டால், செய்ததைக் காட்டு என்பார்கள். பதினான்கு மாதத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட வீடியோக்களை வெட்டியிருக்கிறேன். காட்ட என் கையில் ஒன்றுகூட இல்லை. கிளையன்ட்டுடைய சொத்து, அவர்களைக் கேட்டுத்தான் தர முடியும் என்று சார் சொன்னார். அது நியாயம்தான். "நானே கேட்டு வாங்கித் தரேன்" என்றும் சொன்னார். ஐந்து மாதம் நினைவுபடுத்தினேன். நான் நேரடியாகக் கிளையன்ட்டைக் கேட்டால் அவருக்குத் துரோகம் செய்ததாகிவிடுமோ என்று பயந்தேன். கடைசியில் நண்பர் ஒருவரின் பழைய பயணப் பதிவுகளை வாங்கி, இரண்டு இரவு உட்கார்ந்து புதிதாக ஒரு மூன்று நிமிட வீடியோ வெட்டி, அதைக் காட்டித்தான் அடுத்த வேலைக்குப் போனேன். அந்தப் பதினான்கு மாத உழைப்புக்கு நான்தான் சொந்தக்காரர் என்று சொல்ல இன்றும் என்னிடம் ஓர் ஆதாரமும் இல்லை. ஒப்பந்தம் எழுதும்போதே "வேலை செய்தவர்கள் தங்கள் மாதிரித் தொகுப்பில் காட்டிக்கொள்ளலாம்" என்று ஒரு வரி சேர்த்தால் இந்தப் பாடே இல்லை. கிளையன்ட்டுகளில் பலர் மறுக்கவே மாட்டார்கள். இப்போது நான் கேட்டு வாங்கும் இடங்களில் இதுவரை இருவர்தான் மறுத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் தக்க காரணம் இருந்தது.

விலகிய நாள், எல்லா வேலைகளின் கோப்புகளையும் ஒழுங்குபடுத்தி, எந்த ஹார்ட் டிஸ்க்கில் எது இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி அவர் மேசையில் வைத்தேன். பாட்டியின் நேர்காணலுக்கு நேராக, "இரண்டு பிரதி உண்டு, முதல் நாளின் ஆறாம், ஏழாம் துண்டு இல்லை" என்று எழுதினேன். யார் அழித்தது என்று எழுதவில்லை. அவர் அன்று அலுவலகத்துக்கு வரவில்லை. ஐந்து மணிக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். ஏழரை வரை இருந்தேன். வந்திருந்தால் அவர் கையைப் பிடித்து நன்றி சொல்லியிருப்பேன். ஏனென்றால் எனக்கு இந்த வேலை பிடிக்கும். இப்போதும் பிடிக்கும். முன்பின் தெரியாத ஒருவர் என் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து, முதல் பத்து நிமிடத் தயக்கம் விலகி, தன்னை மறந்து பேச ஆரம்பிக்கும் அந்த நொடிக்காகத்தான் இதற்கு வந்தேன். அந்த நொடியை எனக்கு முதன்முதலில் காட்டிக்கொடுத்ததும் அவர்தான்.

உங்களில் பலருடைய அலுவலகத்தில் இன்றும் ஒருவர் புதிதாகச் சேர்ந்திருப்பார். நாளை ஷூட் என்று மட்டும் அவரிடம் சொல்லியிருப்பீர்கள். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எத்தனை கார்டு, யார் கொண்டுவருவது, எப்போது வீட்டுக்குப் போகலாம் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு உங்கள் செய்திக்காக விழித்திருப்பார். இதைப் படித்து முடித்ததும் அவருக்கு அதை அனுப்பிவிடுங்கள். ஒன்பது மணி என்று எழுதினால், ஒன்பதுக்கு நீங்களும் அங்கே இருங்கள்.

இப்படிக்கு,
உங்களில் ஒருவரிடம் முதல் வேலை பார்த்த ஓர் எடிட்டர்